முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரி

எனக்கு நிரல் எழுதத் தெரியாது.
தொடங்கி வைக்கத் தெரியும்.
வெஸ்ட்மன்னாவின் கடற்கழியில்
சால்மன் கூண்டுகளுக்கு நடுவே மிதக்கும்
தகரக் கொட்டகையில்
அதற்குத்தான் சம்பளம்.

செப்டம்பர் பிறந்தால் காற்று
வாரம் மூன்று முறை மின்சாரத்தைப் பிடுங்கிப் போடும்.
ஜெனரேட்டர் இருமி எழுந்ததும்
என் முன்னால் இரண்டு பொத்தான்கள்.

ரன்வா எழுதியது தீவனக் குழாய்க்கு.
அவள் அதைக் கட்டிய மதியம் உடனிருந்தேன்.
கம்பைலர் ஆறு முறை திருப்பி அனுப்பியது:
இந்தப் பெயர் யாருடையது,
இந்த எண் முழுசா பின்னமா,
அரைப்புள்ளி எங்கே.
எல்லாக் கணக்கும் தீரும்வரை
ஒரு மீனுக்கும் ஒரு குருணை போகவில்லை.
ஏழாவது முறை அது வாயே திறக்கவில்லை.
"பேசாவிட்டால் சம்மதம்" என்றாள்,
ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் முடித்து.

அவள் எழுதியதில் தொடக்கம்
கடைசிப் பக்கத்தில் இருந்தது. மெயின் என்று பெயர்.
மேலே எவ்வளவு அடுக்கியிருந்தாலும்
இயந்திரம் அந்தக் கதவைத்தான் தட்டுமாம்.
இப்போது பொத்தானைத் தொட்டால்
விரலை எடுக்குமுன் குழாயில் தீவனம் சலசலக்கும்.
அது தொடங்குவதை ஒருநாளும் நான் கண்டதில்லை.
ஓடுவதை மட்டுமே.

ட்ரோண்டுருடையது ஆக்சிஜனுக்கு.
ஸ்கிரிப்ட். அவன் எழுதியது எழுதியபடியே கிடக்கும்.
முதலில் வாசிப்பவனை எழுப்ப வேண்டும்.
அவன் எழுந்து, கண்ணாடியைத் துழாவி,
முதல் வரியில் விரல் வைத்து,
நேற்று படித்த நினைவே இல்லாமல்
மறுபடி முதலிலிருந்து.
நான்கு விநாடி.
உணரியைத் தேடுகிறேன், என்று திரை சொல்லும்.
கிடைத்தது, என்று சொல்லும்.
இருட்டில் துணைக்கு ஒரு குரல் போல.
எனக்கு அவனைத்தான் பிடித்திருந்தது.

பிறகு காற்றே இல்லாத ஒரு ராத்திரி.
மூடுபனி மலையிலிருந்து இறங்கி
கூண்டுகளின் மேல் உட்கார்ந்துவிட்டது.
மூன்று மணிக்கு விளக்கொளியில்
மழை இல்லாமல் மழைவட்டங்கள்:
மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன.
அலாரம் அடிக்கவில்லை.

ஓடிப்போய்க் காற்றுக்குழாயைக் கையால் திறந்துவிட்டு
திரைக்கு வந்தால், ஸ்கிரிப்ட் செத்துக் கிடக்கிறது.
முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள்.
இதில் முதல் வரி நேர், நூறாவது நேர்,
பதினோரு மாதம் ஓடியது நேர்.
ஆக்சிஜன் குறைந்தால் மட்டும் போகிற ஒரு சந்தில்,
முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்,
அலாரத்தின் பெயரில்
ஓர் எழுத்து இல்லை.

தொலைபேசியில் ட்ரோண்டுர் பாதித் தூக்கத்தில் சொன்னான்,
"கடைசியில் ஒரு 'ஆர்' போடு."
போட்டேன்.
என் வாழ்நாளில் நான் எழுதிய நிரல் அவ்வளவுதான்.

"என் கம்பைலராயிருந்தால்
தொடங்கவே விட்டிருக்காது" என்றாள் ரன்வா மறுநாள்.
ட்ரோண்டுர் பதில் பேசவில்லை. பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான்.

நவம்பரில் தோர்ஷவ்னிலிருந்து புதுப் பெட்டி வந்தது.
பழையதை உப்பு தின்றிருந்தது.
உள்ளே வேறு ஜாதி சில்லு.
ரன்வாவின் நிரலைத் தொட்டேன்.
தவறு என்றுகூடச் சொல்லவில்லை,
இதை எனக்குத் தொடங்கத் தெரியாது என்றது பெட்டி.
பழைய சில்லின் எலும்புக்கென்று வார்த்தது அது.
மூலம் அவள் மடிக்கணினியில்,
அவளோ டென்மார்க் போகும் கப்பலில்.
இரண்டு நாள்
மண்வாரியால் தீவனம் வீசினேன்.
ட்ரோண்டுருடையவன் அதே பெட்டியில்
கண்ணாடியைத் துழாவிக்கொண்டு எழுந்தான்,
ஒன்றுமே நடக்காதது போல.

எது நல்லது என்று மேலாளர் சுனேவா கேட்டாள்.
மண்வாரி என்றேன். சிரிக்கவில்லை அவள்.

அந்த ராத்திரி நான் மறுபடி தொடங்குமுன்பே
நீரில் காற்று ஏறியிருந்தது.
ஸ்கிரிப்ட் என் வரிப்பக்கம் திரும்பாமல் போனது.
அதற்குப் பின் ஆக்சிஜன் குறையவில்லை.

தினமும் ஐந்தே முக்காலுக்குப் பொத்தானை அழுத்துகிறேன்.
உணரியைத் தேடுகிறேன், என்கிறது திரை.
கிடைத்தது, என்கிறது.
நான் எழுதிய ஒரே எழுத்தை
இன்னும் யாரும் வாசிக்கவில்லை.